பற்றிமா கடைசிவரை காத்திருந்தார்

மெல்பேர்ண் புறநகர் ஒன்றின் நூலக வாரியத்தில் பற்றிமாவும் ஓர் உறுப்பினர். மன்னாரிலிருந்து வந்தவர், முதியோர் இல்லத்தில் வேலை. வந்த புதிதில், வேலை முடிந்து மாலையில் போய், அந்த நூலகத்துக் கணினியில்தான் தன் விசா விண்ணப்பத்தை நிரப்பினார். பகல் முழுக்க உழைப்பவருக்கு அந்த மாலை நேரம்தான் நூலகம். அதைக் காப்பாற்றத்தான் அவர் வாரியத்துக்கே போனார்.

புதிய உறுப்பினர்களுக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. வரவுசெலவை வாசிப்பது எப்படி என்று விளக்கினார்கள். முடிவெடுத்த பிறகு வெளியே எல்லோரும் ஒரே குரலில்தான் பேச வேண்டும் என்று சொல்லிக் கையொப்பமும் வாங்கினார்கள். சர்ச்சையில்லாத விடயங்களை ஒரே கட்டாகக் கூட்டத் தொடக்கத்திலேயே நிறைவேற்றுவார்கள், மறுப்பவர் அப்போதே சொல்லிவிட வேண்டும் என்பதைப் போகிற போக்கில் சொன்னார்கள். சந்தேகம் உண்டா என்று கேட்டபோது எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். பற்றிமாவும் தலையாட்டினார்.

அவர் பழகிய சபை வேறு. ஊர்க் கோயில் சபையில் பங்குச் சுவாமி பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். கடைசியில் தேநீர் வரும்போது, "வேறை ஏதும் இருக்கோ?" என்பார். அதற்கு முன் பேசினால் மரியாதையில்லை. அடக்கம் என்று பெயரிட்டு மனிதர் வாயை அடைக்கும் இந்தப் பழக்கத்தைக் கடல் கடந்தும் சுமந்து வந்திருக்கிறோம்.

மாலை நேரத்தை நிறுத்தும் முடிவு அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. 'நேர மறுசீரமைப்பு' என்று அதற்குப் பெயர். பற்றிமா வீட்டிலேயே அதைப் படித்து, பேச வேண்டியதையெல்லாம் மனதில் ஒழுங்குபடுத்தி வந்திருந்தார். கூட்டம் தொடங்கியதும், கட்டிலிருந்து எதையாவது தனியே எடுக்க வேண்டுமா என்று வாரியத் தலைவி கேட்டார். இப்போதுதானே தொடங்கியிருக்கிறது என்று பற்றிமா பேசாதிருந்தார். கட்டு நிறைவேறியது.

கூட்டம் முடியும் நேரத்தில் அவர் பேசினார். தலைவி பொறுமையாகக் கேட்டார்.

"அது முடிந்துவிட்டதே, பற்றிமா. அடுத்த ஆண்டு பார்க்கலாம்."

உழைப்பவரின் மாலையைச் 'சர்ச்சையில்லாதது' என்று கட்டி வைக்க மட்டும் யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை.

மறுவாரம் நூலக வாசலில் சுதர்சன் நின்றான். பகலில் துப்புரவு வேலை; மாலையில் இங்கிருந்து மின்பணியாளர் பரீட்சைக்குப் படிப்பவன்.

"அக்கா, பின்னேரம் பூட்டப்போறாங்களாம். நீங்கள் உள்ளுக்கை இருந்தனீங்கள்தானே?"

"ஓம்."

"எதிர்த்துக் கதைச்சனீங்களோ?"

போட்ட கையொப்பம் நினைவுக்கு வந்தது.

"வாரியம் எடுத்த முடிவு தம்பி."

"வாரியமோ? நீங்களும் அதுக்கை ஒராள்தானே." அவன் சிரித்தான். கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"இனி எங்கை இருந்து படிப்பாய்?"

"காருக்குள்ளைதான். லைற் இருக்குத்தானே."

பேசத்தான் போனேன், பிந்திப்போனேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவன் காரை நோக்கி நடந்தான். கார்க் கதவு சாத்தப்பட்டது. பற்றிமா வாசலிலேயே நின்றார்.