தம்பியின் சட்டக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவன் நான்

தம்பி நம்மைவிட்டுப் பிரிந்து இன்றோடு முந்நூற்று அறுபத்தைந்து நாள்கள். இந்த நினைவு மலரில் எனக்கு மூன்று பக்கம்தான் தர முடியும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தேழு ஆண்டு வாழ்க்கைக்கு மூன்று பக்கம் என்றால், பக்கத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள். அவருடைய நற்குணங்கள் எல்லாவற்றையும் எழுத இடம் போதாது. ஆனால் ஒரு தவறான செய்தி நம் உறவினரிடையே உலவுகிறது. தம்பியே அதை உலவவிட்டார். அதைத் திருத்தாமல் நான் கண்ணை மூடக் கூடாது. எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது.

வாழ்நாள் முழுவதும் 'டேய்' என்று கூப்பிட்டவரை 'அவர்' என்று எழுதுவது கைக்குப் பழகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பாக்கத்தில் பிறந்த ஐவரில் நான் மூத்தவன், தம்பி கடைசி. இடையில் மூன்று சகோதரிகள். நைனா பிறர் நிலத்தில் நாற்று சுமந்தவர். தம்பி பத்தாவது தேறிய ஆண்டு நைனா படுக்கையில் விழுந்தார். நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் லாரி எடைமேடை எழுத்தராக இருந்தேன். என் ஒருவன் சம்பளத்தில் ஏழு பேர் சாப்பிட முடியவில்லை. தம்பி பதினாறு வயதில் இரும்பு ஆலைக்குப் போனார். பன்னிரண்டாவது படிக்கவில்லை. பின்னாளில், பதினெட்டு வயது ஆகியிருந்தாலே சேர்த்துக்கொள்ளும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, நாற்பதாவது வயதில் பி.ஏ. ஆனார். அன்று ஆலை வாசலில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு மூன்று விரல்கள் போயின. இழப்பீட்டு மனுவைத் தம்பிதான் எழுதினார். விசாரணை நாளில் துணைக்கும் போனார். "நீங்க வக்கீலா?" என்று அதிகாரி கேட்டார். "இல்ல சார், கூட வேல செய்றவன்." "அப்ப வெளிய நில்லுங்க." உள்ளே அந்தத் தொழிலாளி என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றதைத் தம்பி கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறார். அன்று மாலை நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"ண்ணா, நான் லா படிக்கப் போறேன்."

"நாப்பத்தாறு வயசுலயா? இன்னாடா பேசற?"

"உள்ள நிக்கணும்ண்ணா. அவ்ளோதான்."

மறுவாரம் இருவரும் நம் மாவட்டத்து அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபத்திரண்டு பேர். எல்லாரும் தம்பிக்குப் பிள்ளை வயதினர். எழுத்தர் அம்மையார் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பன்னெண்டாவது மார்க் ஷீட் எங்க?"

"அது இல்லீங்க மேடம். டிகிரி இருக்குது," என்றார் தம்பி.

"அது பத்தாது சார். பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, இந்த வரிசையில இருக்கணும். வேற எங்கனா சேத்துக்கினாலும் நாளைக்கு வக்கீலா பதிவு பண்ண மாட்டாங்க. மொதல்ல பன்னெண்டாவது எழுதுங்க. அப்பறம் டிகிரிய மறுபடி படிங்க. அதுக்கப்பறம் இங்க வாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டம் பெற்றவனைப் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு அனுப்புகிறீர்களே என்று சத்தம் போட்டேன். தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுண்ணா, அவுங்க நல்லதுக்குதான் சொல்றாங்க."

திரும்பும் பேருந்தில் நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டாவது தனித்தேர்வராக ஓராண்டு, மறுபடி பட்டம் மூன்று, சட்டம் மூன்று. மொத்தம் ஏழு. "அம்பத்து மூணு வயசுல கறுப்புக் கோட்டு போடுவியா? அதெல்லாம் ஆவாது," என்றேன். எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலைக் கேட்காத ஒரு தனியார் கல்லூரி இருப்பதாக எடைமேடைக்கு வரும் லாரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே மூன்றே ஆண்டுகள்; அதிலேயே சேரச் சொன்னேன். தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்தம்மா சொன்னது மனசுல நிக்குதுண்ணா. ஏழுன்னாலும் ஏழே படிச்சிடறேனே," என்றார். "எனக்குத் தெரியாதாடா?" என்றேன். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

மூன்று ஆண்டுகள் இரவு ஷிப்டை நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் ஆலையிலிருந்து அப்படியே ரயிலேறினார். ஒன்றே கால் மணி நேர ரயில் பயணம், இருபது நிமிடம் ஷேர் ஆட்டோ. ஆட்டோக்காரர்களிடமே தெலுங்கு கற்றுக்கொண்டார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்காமல் வகுப்பில் உட்கார்ந்தார். ஒரு தாளில்கூடத் தோற்கவில்லை.

ஐம்பதாவது வயதில் வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சென்னைக்குப் போனோம். எழுத்தர் அம்மையார் சொன்ன அதே வார்த்தைகளை அங்கே வேறொருவர் சொன்னார். பன்னிரண்டாவது இல்லாமல் வாங்கிய பட்டம் செல்லாது, அதன்மேல் படித்த சட்டமும் பதிவுக்கு ஆகாது. படியிறங்கும்போது நான் விழப் பார்த்தேன். தம்பிதான் பிடித்துக்கொண்டார். "மெதுவா வாண்ணா," என்றார்.

அதன்பின் சோழவரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாமன் மகன் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"இன்னா வக்கீலு, கோட்டு தைக்கக் குடுத்தது இன்னும் வரலியா?"

"டெய்லர் ரொம்ப பேஜாரு பண்றாம்ப்பா," என்று தம்பி சிரித்தார்.

"யாருய்யா உன்ன அந்தக் காலேஜில சேரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானா போய் விழுந்தேன்."

இரண்டு இலை தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனை விசேஷங்களில் இதே கேள்வி, இதே பதில்! நான் நேரில் கேட்டவை மட்டும் பதினொன்று.

ஐம்பத்தொன்றில் பன்னிரண்டாவது புத்தகங்கள் வாங்கினார். ஆறு பாடங்களில் மூன்றில் தேறினார். மீதி மூன்றுக்குப் படிக்கும்போதுதான் சிறுநீரகம் பழுதானது தெரிந்தது. கால் வீங்கிய பிறகும் தொழிலாளிகளுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். விசாரணை நாளில் முன்போலவே வெளியே நின்றார். நான் அன்று அவர் பேச்சைக் கேட்டு ஏழு ஆண்டுகளுக்குச் சம்மதித்திருந்தால், ஐம்பத்து மூன்றில் உள்ளே நின்றிருப்பார். நான்கு ஆண்டுகள் நின்றிருப்பார். இந்தக் கழித்தலை நான் போடாத நாள் இல்லை.

நூற்று எழுபத்தொன்பது முறை டயாலிசிஸ் செய்த திருவள்ளூர் மருத்துவமனைச் செவிலியருக்கும், ஒருமுறைகூடத் தாமதமாக வராத ஆட்டோக்காரருக்கும், ரத்தம் கொடுத்த ஆலைத் தோழர்கள் பதினான்கு பேருக்கும், மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்த என் மூன்று தங்கைகளுக்கும் குடும்பத்தின் நன்றி. உங்கள் பிள்ளைகள் யாராவது சட்டம் படிக்க விரும்பினால், கல்லூரியைத் தேடுமுன் பதிவு செய்யும் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். என்னைப் போன்ற பெரியவர்களிடம் கேட்காதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத போடாதீங்க மாமா. பஸ்ஸுல நடந்தத அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. 'எங்கண்ணன் பேரு எங்கயும் வரக் கூடாது, நீயும் வாயத் தொறக்காத'ன்னாரு. அவரு சாவற வரைக்கும் காப்பாத்தினாரு. அத நீங்களே ஒடைக்கப் போறீங்களா?"

"அவன் எனக்கோசரம் கேலிப் பேச்சு வாங்கினாம்மா. ஏழு வருஷம்."

"வாங்கினாரு. நீங்க தல குனிஞ்சி நிக்கக் கூடாதுன்னுதான் வாங்கினாரு."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு வரியைக்கூட அடிக்காமல் அச்சுக்குக் கொடுக்கிறேன். தம்பி தாமாகப் போய் விழவில்லை. நான் தள்ளினேன். இனி அந்தக் கேள்வியை என்னிடம் கேளுங்கள்.