நெல்லுக்கு வழி கண்ட மருமகள்

சடையில் பெருநீரைத் தாங்கி, உலகு பொறுக்கும் அளவே அதை ஒழுகவிட்ட பெருமானே, இந்த எளியவளின் சொற்களும் வேண்டிய அளவே ஒழுகத் திருவருள் செய்க.

இன்று கார்த்திகை மாதத்துச் சோமவார நன்னாள். குரும்பகரத்துக் கோயிலில் பதிகம் ஓதிவிட்டு, நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி வீடு திரும்பினேன். மழை இன்னும் விடவில்லை. இத்தகைய நாளில், முன்பொரு கோடையில் என் மருமகள் கூடம் முழுவதும் பரப்பிவைத்த அந்தப் பெரிய வரைபடத்தாள்தான் நினைவுக்கு வருகிறது. அதன் நான்கு மூலைகளும் சுருண்டுகொள்ளாதிருக்க என் பூசைச் செம்புகளை எடுத்து வைத்திருந்தாள். கடிந்துகொள்ளத்தான் குனிந்தேன். குனிந்தவள், எங்கள் வயல் அந்தத் தாளில் கோடுகளாகவும் நிறங்களாகவும் கிடப்பதைக் கண்டு அப்படியே தரையில் அமர்ந்துவிட்டேன். பூசைக்கு அன்று வேறு செம்பு தேடவேண்டியதாயிற்று.

என் மகன் கப்பலில் வேலை செய்கிறான். ஆண்டில் பாதிக்குமேல் கடலில்தான் அவன் வாழ்வு. மருமகளோ கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கட்டடப் பொறியாளராக இருந்தாள். நிலச்சொத்தும் மேம்பாடும் பற்றிய முதுநிலைப் படிப்பில் சேரவேண்டும் என்று அவள் சொன்னபோது, அப்படியும் ஒரு படிப்பு உண்டா என்று வியந்தேன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நிலம் என்றால் ஐந்திணை என்பதே என் அறிவு. நீண்ட விடுப்பு பெற்றுச் சென்னைக் கல்லூரி ஒன்றில் அவள் சேர்ந்தாள். அடுத்த வீட்டிலிருக்கும் என் கொழுந்தனார் இதைக் கேட்டதும் வாசலில் நின்றே சிரித்தார்.

"வயல வித்துக் குடுக்கறதுக்கா ரெண்டு வருஷம் படிப்பு? நம்மூரு புரோக்கரு ஒரு டீ குடிக்கறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடுவாரே!"

"அவரு முடிச்சுட்டுப் போனப்புறம் எங்க தப்பாச்சுன்னு கண்டுபிடிக்கத்தான் மாமா படிக்கறேன்" என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கியபடியே.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பாடங்களை உரக்கச் சொல்லிப் பார்ப்பது அவள் வழக்கம். கேட்பதற்கு நான் ஒருத்தி அகப்பட்டேன். ஒரு நிலத்தின்மேல் எழக்கூடிய கட்டடம் என்ன விலை பெறும் என்று முதலில் கணித்து, அதைக் கட்டும் செலவு முழுவதையும் கழித்தபின் எஞ்சுவதே நிலத்தின் மதிப்பு என்று ஒருநாள் விளக்கினாள். எனக்கு மெய் சிலிர்த்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கழித்துக் கழித்து, எஞ்சி நிற்பதையே மெய்ப்பொருள் என்று காண்பதல்லவா எங்கள் மரபும்! இன்னொரு நாள், எதைக் கட்டுவது என்று எண்ணுமுன் அந்த இடத்தின் காற்றையும் நீரையும் அக்கம்பக்கத்தையும் எழுதவேண்டும் என்றாள். பதிகம் பாடியவர்களும் அதைத்தானே செய்தார்கள்? இறைவனைக் காட்டுமுன் அவன் உறையும் ஊரைக் காட்டுவார்கள், வயலைக் காட்டுவார்கள், மடையில் மீன் துள்ளுவதைக் காட்டுவார்கள். இதைச் சொன்னதும் அவள் கைதட்டி, "அத்தை, இதத்தான் எங்க மேடம் மூணு வகுப்பு எடுத்தாங்க!" என்றாள். அந்த வயதில் எனக்குப் புதிதாக ஒரு பள்ளி திறந்ததுபோல் இருந்தது. அவள் ஊருக்கு வரும் நாளை நான் எதிர்நோக்கத் தொடங்கினேன்.

இறுதி ஆய்வுக்கு எங்கள் குடும்ப வயலையே எடுத்துக்கொண்டாள். ஊருக்குப் பின்புறம், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கிடப்பது அது. சித்திரை வெயிலில் நாடாவைப் பிடித்து அவளும் கொழுந்தனாரும் அளந்தார்கள். காரைக்கால் அலுவலகங்களுக்குப் போய்வருவோர் குடியிருக்க, மரங்கள் சூழ்ந்த சிறு மனைகள் என்பது அவள் திட்டம். சாலையிலிருந்து வயலுக்குச் செல்லும் பாதையை அகலமாக வரைந்து, இருபுறமும் புங்கமரம் வைத்தாள். அந்தப் பாதையில்தான் நான் இவ்வீட்டுக்கு வந்த நாள்முதல் நடக்கிறேன். தாளில் அதைப் பார்த்தபோது ஊருக்கே நகைபோட்டுப் பார்த்ததுபோல் இருந்தது.

வைகாசியில் அவளுடைய பேராசிரியை இடத்தைப் பார்வையிட வந்தார். தஞ்சைப் பக்கமே அறியாதவர். வெயில் தாழ்ந்தபின் அந்தப் பாதையில் நடந்தவர் திடீரென நின்றார். பாதை இருபுறத் தரையையும்விடப் பள்ளமாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார்.

"மழைக்காலத்தில் இதில் தண்ணீர் நிற்காதா?"

"நிக்காதுங்க" என்றார் கொழுந்தனார் பெருமையுடன். "ஓடும்ங்க! ஆடியிலேருந்து இது வாய்க்காதான. இடுப்பளவு தண்ணி போவும். அறுப்புக்கு முன்னாடி அடைச்சுடுவாங்க. காஞ்சதும் மறுபடி பாதை. இதுல என்னங்க சந்தேகம்?"

நானும் ஆமோதித்துத் தலையசைத்தேன். மருமகளும் தலையசைக்கத் தொடங்கி, பாதியில் நின்றாள். அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியதை நான் கண்டேன். ஆற்றுநீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைக்காரர்கள் எங்களுக்கு ஒன்றே பாதி ஆண்டு பாதையாகவும் பாதி ஆண்டு வாய்க்காலாகவும் இருப்பதில் விந்தை எதுவும் இல்லை. மருமகளும் இப்பக்கத்தவள்தான்; பிறந்தது முதல் எல்லாரும் அப்படித்தான் கண்டிருக்கிறோம். வெயிலில் அளந்ததால் பாதையை வரைந்தாள். மழையில் அளந்திருந்தால் வாய்க்காலை வரைந்திருப்பாள். பேராசிரியை கடுமையாக எதுவும் சொல்லவில்லை. "அரசு வாய்க்காலை மனைகளுக்குச் சாலையாகக் காட்ட முடியாதும்மா. வழியில்லாத மனைக்கு அனுமதியும் கிடையாது. திட்டம் முழுதையும் யோசிங்க" என்று மட்டும் கூறி, காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

வாய்மொழித் தேர்வு ஆனியில். அதில் திட்டம் தேறாவிட்டால் இன்னுமொரு பருவம் காத்திருக்கவேண்டும்; அவளுடைய விடுப்போ ஆனியுடன் முடிகிறது. படிப்பு அரைகுறையாக நின்றுவிடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாலைக்கு நிலம் தர அக்கம்பக்கத்தில் யாரிடமும் இடமில்லை. இரண்டு நாள் அவள் தாளைத் தொடவேயில்லை.

மூன்றாம் நாள் காலை, இட்லித்தட்டில் நான் மாவு ஊற்றிக்கொண்டிருக்கையில் கேட்டாள்.

"அத்தை, அறுத்த நெல்ல எங்க காய வைக்கறீங்க?"

"எங்க வைக்கறது? ரோட்டுலதான். ஒரு பக்கம் நெல்லு, ஒரு பக்கம் பஸ்ஸு. போன மாசியில ஒரு பைக்குக்காரன் நம்ம நெல்லு மேலேயே வழுக்கி விழுந்து, நம்மளையே திட்டிட்டுப் போனான்."

"வயல்லேருந்து ரோட்டுக்கு?"

"வாய்க்கா வழியாத்தான், டிராக்டர்ல. அப்ப அது காஞ்சிருக்குமே."

அவள் துள்ளி எழுந்து நின்றாள். "அத்தை! வீட்டுக்குத்தான் வருஷம் முழுக்க வழி வேணும். நெல்லுக்கு வேண்டாம்!"

அதன்பின் எங்கள் வீட்டில் இட்லி நேரத்துக்கு வெந்ததாக நினைவில்லை. தாளில் மனைகள் அழிந்தன. அவ்விடத்தில் சிமெண்டு உலர்களமும், தளம் உயர்த்திய நெற்கிடங்கும் எழுந்தன. வாய்க்காலில் ஒரு கூடை மண்ணும் கொட்டாமல், அது காய்ந்திருக்கும் மாதங்களில் அந்த வழியாகவே நெல் வந்துசேரும். தண்ணீர் வருமுன் விற்கவேண்டிய நெல் வெளியேறும். மழைக்காலத்தில் ஆள் நடந்துபோய்க் கிடங்கைப் பார்த்துவரத் தம் வரப்பைக் கொழுந்தனார் கொடுத்தார். "நடக்கறதுக்குத்தான். மரம் கிரம் நட்டுடாத" என்பது அவர் விதித்த நிபந்தனை. அவள் தெருத்தெருவாகச் சென்று உழவர்களைக் கேட்டாள். திரும்பி வந்து எழுதினாள். எழுதியதை எனக்குப் படித்தாள். என் பங்குக்கு ஒற்றுப்பிழை திருத்தினேன். நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியில் அவ்வளவு களிப்புடன் நான் திருத்தியதில்லை.

தேர்வுக்கு அவளுடன் சென்னைக்குச் சென்றேன். தாழ்வாரத்து இருக்கையில் அமர்ந்து பதிகத்தை மனத்துக்குள் ஓதினேன். கதவு சாத்தப்படாததால் ஓதலும் கேட்டலும் மாறி மாறி நிகழ்ந்தன. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரின் குரல் கனமானது.

"மனை போட்டா இதைவிட மதிப்பு அதிகம் வருமேம்மா. ஏன் விட்டீங்க?"

"வித்துட்டுப் போறவங்களுக்கு வரும் சார். வாங்கி வீடு கட்டறவங்களுக்கு வராது."

யாரோ தாளைப் புரட்டும் ஒலி. என் பதிகம் எந்த அடியில் நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

"சரி. ஐப்பசியில் இந்தக் கிடங்குக்கு லாரி எப்படி வரும்?"

"வராது சார்."

"வராதா?"

"வராது. அப்ப அது தண்ணி போற வழி. நெல்லு உள்ள காத்திருக்கும்."

அந்தக் கனத்த குரல் சிரித்தது. ஏளனச் சிரிப்பன்று, நெடுநாள் தேடிய ஒன்றைக் கண்டவரின் சிரிப்பு. சற்று நேரத்தில் வெளியே ஓடிவந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு, "ஏத்துக்கிட்டாங்க அத்தை! ஏத்துக்கிட்டாங்க!" என்றாள். கல்லூரித் தாழ்வாரத்தில் இரண்டு பெண்கள் அப்படிக் குதிக்கலாமா என்று நான் அன்று எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை. கொழுந்தனாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் உடனே, "அண்ணி, களம் கட்டினா மொதல் அறுப்பு என்னோடதுதான்னு அதுகிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க" என்றார்.

சென்ற தையில், கட்டி முடித்த களத்துக்குப் பூசை போட்டோம். மாசியில் முதல் நெல் அதில் காய்ந்தது. கேட்டுவாங்கிய முறைப்படி அது கொழுந்தனாருடையதுதான். மருமகள் இப்போது காரைக்காலில் சொந்தமாக அலுவலகம் வைத்து, நிலம் வாங்குவோருக்கும் கட்டுவோருக்கும் ஆலோசனை சொல்கிறாள். வந்து அமர்வோரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "மழைக்காலத்துல அங்க போய்ப் பாத்தீங்களா?" என்பதே. இன்று காலையும் யாரோ ஒருவரைக் குடையுடன் அவருடைய இடத்துக்கு அனுப்பிவைத்ததாகத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள்.

இதை வாசிக்கும் அனைவரின் நிலத்திலும் நீர் தன் வழியில் தடையின்றிச் செல்க. உங்கள் விளைச்சல் நனையாது வீடு சேர்க. எந்த வயதில் எதைக் கற்கத் தொடங்கினாலும், அதைக் கேட்டு மகிழ உங்கள் வீட்டில் ஒருவர் இருக்க ஈசன் அருள்க.