சமாதானத்தின் மீது பெரியம்மாவின் புகார்

உலகப் போர் முடிந்ததற்காக வருத்தப்பட்டவர்கள் இரண்டு வகை. தோற்றவர்கள் ஒரு வகை. எங்கள் பெரியம்மா இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையின் மொத்த எண்ணிக்கை ஒன்று.

அவரிடம் நியாயம் இருந்தது. போர்க்காலத்தில் செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு ரேடியோவில் ஒரு கப்பல் நாடகம் வந்தது. நடுக்கடலில் கேப்டன் கொலை. சந்தேகத்துக்கு ஒன்பது பேர், விசாரிக்க ஒரு துப்பறிவாளர். குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டிய கூடத்தில், பதினோரு வயதுப் பெரியம்மா இருபத்தைந்து வாரம் ரேடியோவோடு காதை ஒட்டிவைத்திருந்தார். இருபத்தாறாவது வாரம் கடைசி. துப்பறிவாளர் எல்லோரையும் மேல்தளத்தில் நிற்கவைத்துத் தொண்டையைச் செருமினார். "கொலையாளி வேறு யாருமில்லை..." என்றார். அந்த இடத்தில் வேறொரு குரல் குறுக்கே புகுந்து, போர் முடிந்தது என்றது.

தெருவே வெளியே ஓடிக் குதித்தது. பெரியம்மாவின் அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். பெரியம்மா மட்டும் நகரவில்லை. அறிவிப்பு முடிந்ததும் நாடகம் தொடரும் என்று அவருக்கு அசையாத நம்பிக்கை. அன்று இரவு முழுக்க வாழ்த்துரை வந்தது. மறுநாளும் வாழ்த்துரை. அதற்கடுத்த செவ்வாய் ஏழு மணிக்கு விவசாயக் குறிப்புகள்.

"இன்னும் அரை நிமிஷம் இழுத்திருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?" என்று ஐம்பது வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல எந்த வல்லரசும் முன்வரவில்லை.

வளர்ந்ததும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். மக்கள் சேவை என்று வெளியே சொல்லிக்கொண்டார். உண்மையில், ரேடியோ நிலையத்தின் இணைப்பு அவர் வயர் சொருகும் பலகையில் இருந்தது. யாராவது அந்த நம்பரைக் கேட்டால் வயரைச் சொருகியதும் முதலில் இவர் பேசிவிடுவார்.

"ஹலோ, கேப்டனைக் கொன்னது யாருங்க?"

ஒருமுறை மறுமுனையில் இருந்தவர் வேலைக்குப் புதிது. நேராகப் போலீஸுக்குச் சொல்லிவிட்டார். பெரியம்மாவுக்கு மெமோ வந்தது.

மெமோவுக்கெல்லாம் அசருகிற ஆளா? ரேடியோ நிலையத்துக்கே மாற்றல் கேட்டு ஏழு விண்ணப்பம் போட்டார். ஏழும் அடியில் ஒரே வரியோடு திரும்பின: "பரிசீலிக்கப்பட்டது. அனுமதி மறுக்கப்படுகிறது." அந்த வரி அவருக்கு மனப்பாடம். நாங்கள் சினிமாவுக்குப் போகக் கேட்டாலும் அதுவே உத்தரவு. "மூணு மணி நேரம் இழுக்கறான், இதெல்லாம் ஒரு படமாடா? சண்டை நேரத்துல பிலிமுக்கே ரேஷன். ரெண்டு மணி நேரத்துல காதல், கல்யாணம், சாவு எல்லாத்தையும் முடிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவான்."

கல்யாணத்துக்கு முன் பெரியப்பாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. கடிகாரம் பழுது பார்க்கும் பெரியப்பா யோசித்து, "சமையல்காரன்" என்றாராம். நாடகத்தின் மூன்றாம் வாரமே கடலில் விழுந்து செத்தவன் அவன். இருந்தும் கட்டிக்கொண்டார். அதைப் பெரியம்மா கடைசிவரை சலுகையாகவே கணக்கில் வைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம், ரேடியோவில் 'பொற்காலம்' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியது. பழைய நாடகங்கள், பழைய படப் பாட்டுகள், நடுநடுவே பெருமூச்சு. அதை நடத்தும் இளைஞருக்குப் பெரியம்மா போன் போட்டார்.

"பொற்காலம்னு உருகறீங்களே தம்பி, அப்ப நீங்க பொறந்தாச்சா?"

"இல்லம்மா. ஆனா என்னால உணர முடியுது."

"அப்ப உணர்ந்து சொல்லுங்க, கேப்டனைக் கொன்னது யாரு?"

பதினோரு ஞாயிறு இது நடந்தது. ஆளை விட்டால் போதும் என்று, துப்பறிவாளராக நடித்தவர் இருக்கும் முதியோர் இல்லத்தின் முகவரியைக் கொடுத்தார் தம்பி. துணைக்கு நான் போனேன்.

இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி, டம்ளர் தண்ணீரில் பல்செட். எண்பத்து மூன்று வயதுக்காரர் பல்லை எடுத்துப் பொருத்திக்கொண்டு "வாங்கம்மா" என்றார். அதே குரல். பெரியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடிதான். பிறகு விசாரணை தொடங்கியது.

"கொலையாளி வேறு யாருமில்லை... மேல சொல்லுங்க சார்."

அவர் யோசித்தார். "சமையல்காரனா இருக்கும்."

"உங்களுக்கெல்லாம் அந்தச் சமையல்காரன் என்னதான் பாவம் பண்ணான்? மூணாவது வாரமே செத்துட்டானே!"

"அப்படியா? எனக்கு என் பக்கத்தை மட்டும்தாம்மா குடுப்பாங்க. பேப்பர் தட்டுப்பாடு. மத்தவங்க பேசறப்ப நான் வெளியில சிகரெட் பிடிப்பேன்."

ஆனால் கடைசிப் பக்கம் மட்டும் ஒட்டிய கவரில் வருமாம். ரகசியம் கசியாமலிருக்க, மைக் முன்னால்தான் பிரிக்க வேண்டும்.

"கவரைக் கையில எடுத்தேன். சண்டை முடிஞ்சுதுன்னாங்க. பையில சொருகிட்டு ஆடப் போயிட்டேன்."

"கவர் எங்க?"

"பெட்டியில இருக்கும்."

"அம்பது வருஷமா பிரிக்கலையா?"

"எதுக்கும்மா? நாடகம்தான் முடிஞ்சு போச்சே."

அவர் பெட்டியைக் கிளறி எடுத்த பழுப்பேறிய கவரைப் பிரிக்க நான் கையை நீட்டினேன். கை மேல் ஓர் அடி விழுந்தது. பெரியம்மா கொண்டை ஊசியால் தானே பிரித்தார். உள்ளே அரைத் தாள். சத்தமாகப் படித்தார்.

"மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு. கொலையாளி யாரென்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. தொடரை நான்கு வாரம் நீட்டித்துத் தர வேண்டுகிறேன். இன்று மட்டும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளவும்." கீழே எழுத்தாளரின் கையெழுத்து.

துப்பறிவாளருக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரமானது. "அடடா, சண்டை முடியலைன்னா நான்ல மாட்டியிருப்பேன்!" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

பெரியம்மா சிரிக்கவில்லை. "இத எழுதினவன் எங்க?"

"போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு."

"தப்பிச்சான். இவனால நான் ஊர் உலகத்தையெல்லாம் திட்டிட்டேன்டா."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். தாளைத் தொடைமேல் வைத்து, அடியில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: "பரிசீலிக்கப்பட்டது. அனுமதி மறுக்கப்படுகிறது." கையெழுத்திட்டு, தேதி போட்டு, கவருக்குள் மடித்து வைத்து, துப்பறிவாளரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வாடா," என்றார் என்னிடம். "பஸ் போயிடும்."