மலையாண்டி கண்ணை நேராக்கிக்கொண்ட கதை

கீரனூர்ப் பக்கத்துச் சம்சாரி மலையாண்டியைச் சிலம்பத்தில் ஜெயித்தவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. கம்பு நுனியில் செம்மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஆடுவார்கள். யார் உடம்பில் கறை படுகிறதோ அவர் தோற்றவர். மலையாண்டி எப்போதும் கறைபடாமல்தான் வீடு திரும்புவார். ஆனால் தோற்றவர்கள் வாய் சும்மா இருக்குமா?

"அவன் மாறுகண்ணன்ப்பா. எங்கிட்டுப் பாக்குறான்னே தெரியல, ஏமாந்துட்டேன்" என்பார்கள். அதில் அறந்தாங்கி உடையப்பனுக்கு வாய் கொஞ்சம் நீளம். வருஷக்கணக்காகக் கம்பு சுற்றிக் காய்த்துப்போன கைக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை. பெருமையெல்லாம் கண்ணுக்கு! அதுவும் சின்ன வயதிலிருந்தே மங்கலாகி, காதுப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் இடது கண்ணுக்கு. கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

1941இல், முப்பத்தைந்து வயதில், மலையாண்டி திருச்சிக்குப் பஸ் ஏறிக் கண் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "சின்னப் பிள்ளையில வந்திருந்தா நல்ல கண்ண மூடிவச்சு, மங்கின கண்ணப் பழக்கியிருக்கலாம். இந்த வயசுல அது பலிக்காது. கண்ணாடி போட்டாலும் இந்தக் கண்ணு நேராகாது. ஆபரேஷன் பண்ணி, கண்ணை இழுத்துப் பிடிக்கிற சதையை மாத்தித் தைக்கலாம். கண்ணு நேராகும், பார்வை கூடாது. பின்னாடி மறுபடி விலகினாலும் விலகும். யோசிச்சுக்கங்க."

பெண்சாதி செவந்தி பதறினாள். "பார்வையும் வராது, இருக்கிற சாமர்த்தியமும் போயிட்டா? உடையப்பன்கிட்ட தோத்துட்டா ஊர்ல தலைகாட்ட முடியுமாங்க?"

"தோத்தா என் கை தோத்துச்சுன்னு சொல்லட்டும். ஜெயிச்சா கை ஜெயிச்சுச்சுன்னு சொல்லணும்" என்றார் மலையாண்டி.

ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்ததும் கண்ணாடியில் பார்த்தார். மங்கல் மங்கலாகவே இருந்தது. ஆனால் இரண்டு கண்ணும் அவரையே பார்த்தன. மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

அடுத்த வருஷம் மாசித் திருவிழாவில் உடையப்பன் எதிரே வந்து நின்றார். மலையாண்டியின் கண் நேராக இருப்பதைப் பார்த்ததுமே அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. கூட்டமும் இன்றைக்கு மலையாண்டி தொலைந்தார் என்றே நினைத்தது. மலையாண்டி உடையப்பனின் மார்பையே நேராகப் பார்த்துக்கொண்டு கம்பை வீசினார். பார்த்த இடத்திலேயே செம்மண் அப்பியது.

"இப்ப என்னண்ணே சொல்றீங்க?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

உடையப்பன் மார்பைத் தடவிப் பார்த்தார். "எங்கிட்டுப் பாக்குறான்னு நல்லாவே தெரிஞ்சுச்சுய்யா. தடுக்கத்தான் முடியல. அது கையில்லய்யா, மின்னல்!"

மலையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. செவந்தி கூட்டத்தின் நடுவிலிருந்தே குலவையிட்டாள்.