கமலக்கண்ணன் அண்ணன் வளர்த்த பாட்டில்

வருசா வருசம் ஆயுத பூசையன்னிக்கு என் பட்டறையில அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். முத்தியால்பேட்டையில டீசல் பம்பு ரிப்பேர் பண்ற வேற எவனுக்கும் இந்தத் தலையெழுத்து கிடையாது. எல்லாம் கமலக்கண்ணன் அண்ணனால. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை.

அண்ணன் காரைக்கால் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டுற வேலையில இருந்தவர். குழாய் விழுந்து கால் நசுங்கின பிறகு ஊருக்கு வந்து என் பட்டறை வாசல்ல உட்கார்ந்தார். கையில ஒரு கண்ணாடி பாட்டில். மேல கறுப்பா எண்ணெய், அடியில கலங்கல் தண்ணி. ஒரு கிலோமீட்டருக்கும் கீழேர்ந்து வந்ததாம்.

"இதுக்குள்ள உசுரு இருக்குடா அரி. வெளிச்சம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எண்ணெயைத் தின்னுட்டே காலங்காலமா கிடக்குதுங்க. எங்க இன்ஜினீயரே சொன்னாரு."

"எண்ணெயைத் தின்னு பொழைக்கலாம்னா நான் ஏண்ணே அரிசி வாங்குறேன்?"

"உனக்கு நாக்கு நீளம். அதுங்களுக்கு நாக்கே கிடையாது, போடா."

பொண்டாட்டி புள்ள இல்லாத மனுசன். பாட்டிலைத்தான் பார்த்துக்கிட்டார். பூசையன்னிக்கு நான் ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது அவர் பாட்டிலுக்கு வைப்பார். அப்புறம் மூடியைத் திறந்து, "மூச்சு வாங்கிக்குங்க கண்ணுங்களா"ன்னு ரெண்டு சொட்டு டீசல் படைப்பார். அப்போ கிளம்புறதுதான் அந்த நாத்தம்.

போன பூசைக்கு என் மவ சுடர்விழி வந்திருந்தா. காலேஜில கிருமிங்களைப் பத்திப் படிக்கிறவ. அண்ணன் சொன்னதை அவ சிரிக்காம கேட்டா.

"இருக்கலாம் பெரியப்பா. அவ்ளோ ஆழத்துலயும் அப்படிப்பட்டது உண்டு. ஆனா மூடியை ஏன் திறக்குறீங்க? காத்தே படாத இடத்துல வாழ்ந்ததுங்க. காத்து அதுங்களுக்கு வெஷம்."

அண்ணன் டீசல் குப்பியைக் கீழே வச்சார்.

"அப்போ சோறு போடுறேன்னு நான்தான் கொன்னேனா?"

"அடித்தண்ணியில கொஞ்சம் மிஞ்சியிருக்கும் பெரியப்பா. வேணும்னா காலேஜுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிறேன்."

"பார்க்கணும்னா?"

"திறக்கணும்."

"வேணாம்மா. எனக்குத் தெரிய வேணாம். இருந்தா இருக்கட்டும்." மூடியை இறுக்கித் திருகி, அதைச் சுத்தி மெழுகு உருக்கி ஊத்தினார். அன்னிக்குப் பொரிகடலையைக்கூட அவர் தொடலை.

இந்த வருசம் பூசைக்கு முன்னாடியே நெஞ்சுச்சளி முத்தி, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில படுத்துட்டார். மூக்குல ஆக்சிஜன் குழாய். நான் போனதும் அந்தக் குழாயைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சார். என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அரி, பூசைக்குப் பொட்டு மட்டும் வைடா. மூடியில கை வைக்காதே."