ஹெர் வேதவல்லி நூற்ற நோன்பு

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கட்டிடத்தின் வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர். எங்கள் பொத்தானுக்குப் பக்கத்தில் ‘வேதவல்லி’ என்று போட்டிருக்கிறது. அது என் மனைவியின் பெயர். வேலை அவளுக்கு, விசா அவளுக்கு, வீட்டு ஒப்பந்தமும் அவள் பேரில்தான். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். ஆகவே தபால்காரரிலிருந்து மேல்மாடி கெல்லர் அம்மாள் வரைக்கும் என்னை ‘ஹெர் வேதவல்லி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதாவது திருவாளர் வேதவல்லி. ஆரம்பத்தில் திரும்பிப் பார்க்கமாட்டேன். இப்போது யாராவது ‘சம்பத்’ என்று கூப்பிட்டால்தான் யாரையோ என்று நிற்கிறேன். ஸ்ரீரங்கத்தில் இருந்தவரை பால்காரருக்கோ பூக்காரம்மாவுக்கோ அவள் பெயர் தெரியாது. ‘சம்பத் ஆத்துக்காரி’ என்றால் போதும். அங்கே அவளுக்குப் பெயரில்லை, இங்கே எனக்கில்லை. பெருமாள் சமன் பண்ணுகிறார் போலிருக்கிறது.

நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். உத்தர வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். வேதவல்லி கல்யாணத்துக்குப் பிறகு நர்சிங் படித்தாள். தினமும் காலையில் மொபெட்டில் காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவேன். பிறகு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சாம்பாரைக் கிளறியபடியே ஜெர்மன் பாஷையும் படித்தாள். இன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு இங்கே ‘ஹவுஸ்மன்’ என்று மரியாதையாக ஒரு வார்த்தையே உண்டு. நம் பக்கத்தில் அதை விளக்குவதற்குள் பஸ் வந்துவிடும். “நீ அங்க என்ன பண்றே?” “ஆத்துல இருக்கேன்.” “அது சரி, வேலைக்குப் போகாத நேரத்துல ஆத்துலதான் இருப்பே. வேலை என்ன?”

சென்ற வருஷம் அவள் காரடையான் நோன்பு இருந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் சுமங்கலிகள் பட்டினி இருந்து, அடையும் உருகாத வெண்ணெயும் பெருமாளுக்கு வைத்து, புருஷன் தன்னைப் பிரியாதிருக்க வேண்டும் என்று கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிற நோன்பு அது. கூட வேலை பார்க்கும் மோனிகா, “நீ ஏன் சாப்பிடவில்லை?” என்று கேட்டிருக்கிறார். “என் கணவர் நன்றாக இருப்பதற்காக.” “உங்கள் வீட்டில் சமைப்பது அவர்தானே?” “ஆமாம்.” “அவர் சமைக்கிறார். அதை நீ சாப்பிடாமல் இருந்தால் அவர் நன்றாக இருப்பாரா?” வேதவல்லி எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள். மறுநாள் மோனிகா எனக்கென்று ஒரு சமையல் புத்தகம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். நல்ல மனுஷி.

இந்த வருஷம் அப்பா திதிக்காக நான் மட்டும் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். ஒரே பிள்ளை, போகாமல் முடியாது. வேதவல்லிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. நான் திரும்பிய பிறகுதான் ஆபரேஷன் என்று இருந்தது. திடீரென்று யாரோ ஒரு நோயாளி வர முடியாமல் போக, அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நோன்பு நாள். பயப்பட ஒன்றுமில்லை, குரல் நரம்பு மட்டும் பக்கத்தில் ஓடுகிறது, அபூர்வமாகச் சிலருக்குக் குரல் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த ‘அபூர்வமாக’ மட்டும்தான் காதில் விழுந்தது. விடியற்காலையில் எங்கள் வீட்டில் திருப்பாவை சொல்வது அந்தக் குரல். எனக்கு ஜெர்மன் தெரியாத இடத்திலெல்லாம் எனக்காகப் பேசுவதும் அந்தக் குரல்.

“டிக்கெட்டை மாத்திண்டு வந்துடட்டுமா?” என்றேன் போனில்.

“நாளைக்கு அப்பா திதி. விட்டுட்டு வந்தா உங்கப்பா என் கழுத்தைத்தான் பிடிப்பார். ஏற்கனவே அதை டாக்டர் பிடிச்சிண்டிருக்கார்.”

“அப்போ நோன்பு?”

“ஆபரேஷனுக்கு எப்படியும் வெறும் வயிறு. பட்டினி ஆயிடுத்து. சரடுதான் கட்டிக்க முடியாது, கழுத்து இன்னிக்கு அவா வசம்.” கூடவே, “நோன்பை நீங்க நூத்துடுங்கோ” என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா, தெரியவில்லை. கேட்பதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் நிஜம் என்றே வைத்துக்கொண்டேன்.

அடையை நானே செய்து எடுத்துக்கொண்டு பக்கத்து ஃப்ளாட் கோதை மாமி வீட்டுக்குப் போனேன். மாமி, மடிசாரில். மருமகள் ரஞ்சனி, தென்னூர் பேங்கிலிருந்து பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். மாமியின் கணவர் சடகோபன் மாமா, நோன்பு முடிந்தால் அடை கிடைக்கும் என்று காத்திருந்தார்.

“நான் நோன்பு நூக்கப் போறேன் மாமி” என்று விஷயத்தைச் சொன்னேன்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “புருஷாளுக்கு இந்த நோன்பு ஏதுடா? சாஸ்திரத்துல கிடையாது.”

“சாஸ்திரம் எழுதறச்சே பொண்டாட்டி ஜெர்மனிக்குப் போகலையே” என்றாள் மாமி.

“மஞ்சள் பூசிப்பானோ? கோலம் போடுவானோ?”

“கோலம் அங்க தினமும் நான்தான் மாமா போடறேன்.”

ரஞ்சனி சிரித்துவிட்டாள். “நன்னா நூங்கோ அண்ணா. அடுத்த வருஷம் எங்காத்துக்காரரும் நூக்கட்டும். வருஷா வருஷம் நான்தான் அவருக்காகப் பட்டினி, அவர் எனக்காக ஒரு காபியைக்கூட விட்டதில்லை.”

“இதைத்தான் சொன்னேன்! இது தொத்திண்டுடும்” என்று மாமா பதறினார். அவரால் ஏகாதசிக்கே பட்டினி கிடக்க முடியாது.

அடுத்தது, சரடை யார் கட்டுவது என்ற கேள்வி. பெண்டாட்டிக்குப் புருஷன் கட்டிவிடுவான். எனக்கு? மாமி சரடைக் கையில் எடுத்தாள். எடுத்த பிறகுதான், ஒரு ஆண்பிள்ளையின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டப் போகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. சட்டென்று கீழே வைத்தாள். ரஞ்சனி இரண்டடி பின்னால் போனாள். எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். “என்னை ஏன் பார்க்கறேள்? நான் கட்டினா அது இன்னும் மோசம்” என்றார்.

இந்த வாதத்தில் வெண்ணெயை மறந்துவிட்டோம். ஜெர்மனியில் வெண்ணெய் உருகாமலிருக்க யாரும் வேண்டிக்கொள்ள வேண்டாம், ஜன்னலோரம் வைத்தால் கல்லாகிவிடும். ஸ்ரீரங்கத்து வெயிலில் உருகாத வெண்ணெய் என்பது ஃப்ரிட்ஜின் தயவு. நான் பார்த்தபோது என் இலையில் அது தண்ணீராக ஓடி அடையைச் சுற்றி நின்றது. அங்கே அவள் கழுத்தில் கத்தி, இங்கே என் வெண்ணெய் உருகிவிட்டது.

மாமி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. “சம்பத், ஆத்துக்காரர் வெளியூர்ல இருந்தா நாங்களே கட்டிண்டுடுவோம். உன் ஆத்துக்காரி வெளியூர்லதானே இருக்கா? நீயே கட்டிக்கோ. நேரம் தப்பப் போறது.”

கட்டிக்கொண்டேன். பெண்கள் சொல்லும் வேண்டுதலைத் திருப்பிப் போட்டுச் சொன்னேன். என் வேதவல்லி என்னைப் பிரியாதிருக்க வேண்டும், அவள் குரல் அவளைப் பிரியாதிருக்க வேண்டும். பிறகு போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் ஊர்த் தாயார் படி தாண்டாத பத்தினி. சன்னிதியை விட்டு வரமாட்டாள், பெருமாள்தான் தேடிப் போகவேண்டும். பங்குனியில் உறையூர் போய் இன்னொரு நாச்சியாரோடு இருந்துவிட்டுத் திரும்பும் பெருமாளை அவள் கதவைச் சாத்தி வெளியே நிறுத்திவிடுவாள். எத்தனையோ தடவை சேவித்திருக்கிறேன். வெளியே நிற்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன்.

நான் சாப்பிடவில்லை. மாமியும் ரஞ்சனியும் தாங்களும் சாப்பிடமாட்டோம் என்றார்கள். அதனால் மாமாவுக்கும் கிடைக்கவில்லை. இருட்டத் தொடங்கும்போது மோனிகாவின் போனிலிருந்து வீடியோ கால் வந்தது. கட்டிலில் வேதவல்லி, கழுத்தில் வெள்ளைக் கட்டு. உதடு அசைந்தது. சத்தமில்லை. மாமி என் தோளுக்குப் பின்னால் “ரங்கா, ரங்கா” என்றாள். மறுபடியும் அசைந்தது. மணலில் செருப்புத் தேய்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“வெண்ணெய் உருகித்தா?”

“உருகிடுத்து” என்றேன்.

“அப்போ நெய்யாயிடும். அடையில விட்டுண்டு சாப்பிடுங்கோ. மாமா மூஞ்சியைப் பார்க்க முடியலை.”

மோனிகா என் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். வேதவல்லி கட்டைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “உங்களுக்கும் கழுத்துல ஆபரேஷனான்னு கேக்கறா.”

மறுநாள் திதியை முடித்துக்கொண்டு புறப்பட்டேன். அதற்குள் வேதவல்லியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். ஜெர்மனியில் இறங்கியபோது இன்னும் குளிர்தான். கழுத்தில் உள்ளே ஸ்ரீரங்கத்துச் சரடு, மேலே கம்பளி மஃப்ளர். வாசலில் வந்து நின்றேன். சாவி பையில் இருந்தது. எடுக்காமல், வேதவல்லி என்று எழுதியிருந்த பொத்தானை அமுக்கினேன். குப்பை கொட்ட வந்த கெல்லர் அம்மாள், தன் வீட்டு மணியைத் தானே அடிக்கிறவனை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரிலிருந்த ஸ்பீக்கரில், கரகரவென்று, ஆனால் அதிகாரமாக, “யாரு?” என்று கேட்டது.

வாயை அதன் கிட்டே கொண்டுபோய், “ஹெர் வேதவல்லி” என்றேன்.