கம்ப்யூட்டருக்கு எங்கே வலி?

காளிகாட் சந்து ஒன்றில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் பெங்காலிக்காரர் அவர். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. இந்த ஊரில் அண்ணனைத் தாதா என்பார்கள். எனக்கும் அவர் தாதா. அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் சில மாதம் தங்கியபோது தமிழ் கற்றுக்கொண்டாராம். அதனால் யார் எந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தாலும், அதை டாக்டர்போலத் தட்டிப் பார்த்து, "எங்க வலிக்குது?" என்று தமிழில்தான் கேட்பார்.

நான் பாட்டு அமைக்கும் பழைய லேப்டாப், நாலு வாத்தியம் சேர்ந்தாலே திணறி நின்றுவிடும். இசைக்கென்றே ஒன்று செய்து தரச் சொல்லி, பாகங்களின் பட்டியலோடு போனேன்.

"இதை எத்தனை நாளா எழுதினீங்க?"

"ஆறு மாசமா, தாதா."

"அந்த ஆறு மாசத்துல எத்தனை பாட்டு முடிச்சீங்க?"

"ஒண்ணுகூட இல்லை."

பட்டியலை மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினார். "உங்களுக்குச் செஞ்சு தர மாட்டேன். வாரா வாரம் பார்ட் மாத்த வருவீங்க, பாட்டு வராது. ரெடியா இருக்கிறதை வாங்குங்க."

வந்த வியாபாரத்தை விரட்டுகிறாரே என்ற கோபத்தில் ரெடிமேடாகவே ஒன்று வாங்கினேன். அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. வேறு வழியின்றி இரண்டே வாரத்தில் ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்து முடித்து, பெருமையோடு அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "பாட்டு ரொம்ப நல்லாருக்கு. ஆனா பின்னாடி கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் கேக்குது. வாங்க, சத்தமே இல்லாம ஒண்ணு செஞ்சிடலாம்."

பத்து முறை கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. இருந்தாலும் மறுநாளே கிளம்பிப் போனேன்.